மோட்டாருக்கு ஒன்றுமில்லை

ஜூன் 12, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. இனி செப்டம்பர் வரைக்கும் வால்பாறையில் துணியும் காயாது, சுவரும் காயாது. குவார்ட்டர்ஸ் முழுக்க ஈர நாற்றம். போகட்டும், இந்த ஒரு மழையோடு எனக்கு விடுதலை.

இடமாறுதல் கலந்தாய்வுத் தேதி வந்துவிட்டது. வரும் வியாழன், கோயம்புத்தூரில். கணக்குப் பாடத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் காலியாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதைக் கேட்கப்போகிறவர்களில் சீனியாரிட்டிப்படி நான் முதல், எனக்கு அடுத்த பெயர் கலா. பெயரைக் கூப்பிடும்போது ஆள் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நிற்பதற்கென்ன, விடிவதற்குள் போய் வாசலிலேயே நிற்பேன்.

ஏழு வருசமாக நான் மேலே, என் பெண் யாழினி கீழே பொள்ளாச்சியில். நாலு வயசில் விட்டுவிட்டு வந்தேன், இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற எனக்கு, விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளரில்தான் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள்.

கலாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். சனிக்கிழமைகளில் என் காரில்தான் அவளும் கீழே வருவாள். ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நன்றாக ஓட்டுவாள், மற்றபடி வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பெட்ரோல் மூடியைத் திறந்த மகராசி. தேதி தெரிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தானுங்க்கா அந்த இடம். யாழினிக்கு இனிமே அம்மா கைச் சோறு."

"உனக்கும் அடுத்த வருசம் கெடச்சுரும், கலா."

சிரித்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நல்ல பெண்.

ஜூன் 14, ஞாயிறு

பொள்ளாச்சி போய் வந்தேன். என் வீட்டுக்காரருடைய அக்கா பாக்கியம், எனக்கு நங்கையா முறை, நான் மலைக்குப் போன வருசத்திலிருந்து இரண்டு பையன்களோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். "இனிமே நானே வந்துருவனுங்க, நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று சொன்னேன். "அதுக்கென்ன அம்மிணி, ஆகட்டும் பாக்கலாம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் பீரோவைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பையன்கள் படிக்க இடம் பற்றவில்லையாம். படிக்கிற பிள்ளைகள், வேண்டியதுதான். புடவை மாற்றத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, குளியலறையில் மாற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் காலையில் காரைக் கழுவினார். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய மாருதி 800 அது. எனக்கு மேலே வேலை போட்டபோது என்னிடம் கொடுத்தார். அதில் இருக்கிற ஒவ்வொரு நட்டும் அவருக்கு மனப்பாடம். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. மழையில பாத்துப் போ" என்றார். இப்படி அக்கறையாக அவர் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் வரப்போகிற சந்தோசம், வேறென்ன. அந்த மனுசனுக்கு வெளியில் காட்டத் தெரியாது.

ஜூன் 15, திங்கள்

கணுக்காலில் அட்டை. உப்பு வைத்தேன், விழுந்தது. பத்தாம் வகுப்புக்கு இயற்கணிதம் தொடங்கினேன்.

ஜூன் 17, புதன்

கணக்கு டீச்சர் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினால் பள்ளிக்கூடம் என்னாவது என்று எச்.எம். பிடிவாதம் பிடித்தார். கலாவை மத்தியானமே போகச் சொல்லிவிட்டு நான் இருந்துகொண்டேன். அவளுக்குப் பஸ், எனக்குக் கார் இருக்கிறது, விடியற்காலையில் எடுத்தால் போதும். கிளம்புவதற்கு முன்னால் பஜாரில் போட்டோ எடுக்க வேண்டும் என்று கார் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சாவி ஜன்னலில் இருக்கிறது, வண்டி விறகு ஷெட்டுக்குள் நிற்கிறது. போன் போட்டேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"மழை வலுத்துருச்சுங்க்கா. நனைய வேண்டாம்னு உள்ள விட்டுட்டேன்."

எப்போதும் வாசல் சரிவில், மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவோம். இந்த மலையில் யாரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். ஈரத்தில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால் பிரேக்கை விட்டு உருட்டி, கியரைப் போட்டு எடுத்துவிடலாம். பாவம், வண்டி நனையக் கூடாது என்று அவளுக்கு அக்கறை.

நீலப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

இருட்டோடு எழுந்து குளித்து, சாமி கும்பிட்டு, சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம்கூட இல்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் ஊரையே எழுப்புகிறது, மோட்டார் மட்டும் சுற்றமாட்டேன் என்கிறது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். வீல் ஸ்பேனரால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மண்டையில் நாலு தட்டுத் தட்டினேன். பழைய வண்டிக்கு அதுதான் கைகண்ட வைத்தியம். மறுபடி சாவி. ஒன்றுமில்லை.

உருட்டலாம் என்றால் வண்டி சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஷெட்டுத் தரையோ உள்வாட்டம். நியூட்ரலில் போட்டு முன்னால் நின்று முதுகு கொடுத்துத் தள்ளினேன். ஒரு சாண் போய்த் திரும்பி என் மேலேயே வந்தது. ஒற்றைப் பொம்பளையால் ஆகிற காரியமா அது? வாசலில் நின்றிருந்தால் ஒரே உருட்டில் போயிருப்பேன்.

ஓடினேன். ஜீப் ஸ்டாண்டில் ஒரு ஜீப்கூட இல்லை. முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வந்து, நாற்பது கொண்டை ஊசியும் இறங்குவதற்குள் ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்று அரைமணிக்கு மேல் கழிந்தது. நடுவில் கலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஐயோ, என்னங்க்கா இப்பிடி ஆயிப்போச்சு! பதறாம வாங்க. நான் இங்க சொல்லி வெக்கறேன்."

போய்ச் சேர்ந்தபோது புடவைக் கரை முழுக்கச் சேறு. மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "பூங்கோதைன்னு மூணு தடவை கூப்பிட்டாச்சும்மா. அந்த இடத்தை அடுத்தவங்க எடுத்துட்டாங்க."

"நான் வந்துட்டிருக்கேன்னு ஒரு டீச்சர் வந்து சொன்னாங்களா, சார்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

கலா வராந்தாவில் ஆர்டரோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். "சொன்னேனுங்க்கா, அவங்க காதுலயே வாங்கலை." அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில் எது யார் காதில் விழும்? எங்கேயோ முகம் தெரியாதவளுக்குப் போவதற்கு இவளுக்காவது போயிற்றே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கழிவறையில் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "சரி விடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். வண்டிக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. என் வேதனை தெரிந்து பேச்சை வளர்க்க வேண்டாம் என்று விட்டிருப்பார்.

யாழினி, "சரிம்மா. அத்தை கூப்புடறாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 19, வெள்ளி

யாரோடும் பேசவில்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 20, சனி

கீழே போகவில்லை. போவதற்கு வண்டியும் இல்லை, முகமும் இல்லை. ஒர்க்‌ஷாப் அப்பாஸ் பாயை வரச் சொன்னேன். குடையை மடக்கி உதறிவிட்டு, ஷெட்டுக்குள் வந்து சாவியைத் திருப்பச் சொன்னார். சத்தமில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு மோட்டாரில் தடித்த வயர் முனையையும் பக்கத்தில் இருக்கும் சின்னத் தகட்டையும் சேர்த்துத் தொட்டார். பொறி பறந்தது. மோட்டார் ஜம்மென்று சுற்றியது.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல டீச்சர். சாவியிலருந்து வர்ற கரண்டு அதுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

கையைக் கீழே விட்டுத் துழாவினார். ரப்பர் மூடி ஒன்றைத் தள்ளி, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன வயரை இழுத்துக் காட்டினார். தகட்டில் செருகியிருக்க வேண்டியதாம் அது. செருகினார். சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"ரோட்டுல ஆடிக் கழண்டிருக்கும்" என்றேன்.

"ஆடிக் கழண்டா வெளிய தொங்கும். இது மூடிக்குள்ளயே மடிச்சு வெச்சமாதிரில்ல இருக்கு?"

எனக்குச் சுரீர் என்று வந்துவிட்டது. "மடிச்சு வெக்க இங்க யாரு இருக்கா? மோட்டார்தான் பழசு. அதைக் கழட்டிப் பாத்துருங்க."

"நல்லாருக்கிறதை எதுக்குக் கழட்டணும்? நான் மாட்டேன்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். ஊரில் அவர் ஒருவர்தான் மெக்கானிக் என்கிற திமிர்.

ஜூன் 21, ஞாயிறு

நானே கழற்றிவிட்டேன். கை, முழங்கை எல்லாம் கிரீஸ். ஒரு நகம் போயிற்று.

எப்படிக் கழற்றுவது என்று வீட்டுக்காரரிடம்தான் போனில் கேட்டேன். மோட்டாராக இருக்குமோ என்றதும், "ஆமா ஆமா, மோட்டார்தான். பழசாயிருச்சு. கழட்டிப் பாரு" என்று உடனே ஒத்துக்கொண்டார். அந்த அப்பாஸ் பாய் சொன்னதைவிட இது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன்.

"மொதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டு. அதைக் கழட்டாம ஸ்பேனரை உள்ள விட்டே, வாணவேடிக்கை பாப்பே."

"கழட்டிட்டனுங்க."

"தடி வயரு, அது நட்டுல இருக்கும். பன்னெண்டு ஸ்பேனர். அப்பறம் சின்ன வயரு. ரப்பர் மூடிக்குள்ள இருக்கும், கண்ணுல பாக்கவே வேண்டியதில்ல. மூடியைத் தள்ளிட்டு ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தாப் போதும், சின்னப் பிள்ளைகூடக் கழட்டிரும்."

அதுவும் வந்தது. மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட் இரண்டில் மேலே இருந்தது சுலபமாக வந்துவிட்டது. கீழே இருந்தது வருவேனா என்றது. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ரிங் ஸ்பேனரைக் காலால் உதைத்தேன். உதைக்க உதைக்க எனக்குக் கோபம் வந்தது. அந்த இடம், அந்தக் கூட்டம், மேசையில் தலை நிமிராத அந்த மனுசன், எல்லோரையும் சேர்த்து உதைத்தேன். போல்ட் விட்டுக்கொடுத்தது. மோட்டார் மார்பில் விழாமல் பிடித்துக்கொண்டேன். நல்ல கனம், கைக்குழந்தை மாதிரி.

"கலா ஆர்டர் வாங்கிட்டாளாமா?" என்று அவர் கேட்டார்.

"அன்னைக்கே வாங்கிட்டாளுங்க. அடுத்த வாரம் சாமானை எடுத்துட்டுப் போறா."

"நல்லது, நல்லது" என்றார்.

ஜூன் 22, திங்கள்

மத்தியான இடைவேளையில் மோட்டாரைச் சாக்கில் சுற்றி அப்பாஸ் பாயிடம் எடுத்துப் போனேன். தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தரையில் வைத்து, செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். மோட்டார் காலுக்கடியில் துள்ளியது, பல் சக்கரம் டக்கென்று வெளியே வந்து சுற்றியது. பின்பக்க மூடியையும் திறக்கச் சொன்னேன். கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் இருக்கிறது. ஸ்பிரிங் கெட்டி. செம்பு உருளையில் கறுப்புக்கூட இல்லை.

"பாத்துட்டீங்களா? இன்னும் பத்து வருசம் ஓடும்."

"நல்லாப் பாருங்க பாய். எங்கியாச்சும் தேய்மானம் இருக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கெட்டுப்போயிருக்குன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்குமா, டீச்சர்?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஜூன் 24, புதன்

மோட்டாரைத் திரும்ப மாட்டினேன். ஒரு குறையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. பின்னால் எடுத்து, வாசல் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். எச்.எம். அந்த வழியாகப் போனவர், "அப்பாடா, இப்பத்தான் டீச்சர் ஒழுங்கா நிக்குது. ஒரு வாரமாச் செவுத்தைப் பாத்துட்டுக் கோவிச்சுட்ட மருமகளாட்டம் நின்னுட்டிருந்துச்சு. இந்த ஊர்ல யாரு வண்டியை அப்பிடி நிறுத்துவாங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வயர் தானாகக் கழன்றிருக்கலாம். ஆயிரம் வண்டியில் ஒரு வண்டிக்கு மூடிக்குள்ளேயே மடிந்தும் போயிருக்கலாம். இந்த வண்டியை நூறு மழையில் நனைய விட்டிருக்கிறோம், ஒருநாளும் ஷெட்டுக்குள் விட்டதில்லை. அதை அங்கே விடுகிறவளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: காலையில் இது ஸ்டார்ட் ஆகாது, உருட்டவும் முடியக் கூடாது.

எழுதிவிட்டேன். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்ததுதான், மோட்டாரைப் போட்டு மூடி வைத்திருந்தேன். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள் பாவி. என் சாவியை வாங்கிக்கொண்டு போய், என் வண்டியிலேயே.

ஆனால் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மூடிக்கும் ரேடியேட்டர் மூடிக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு அந்த வயர் எப்படித் தெரிந்தது?

ஜூன் 27, சனி

சாமான் எடுக்கக் கலா வந்தாள். நான் போய் உதவி செய்தேன். ஆமாம், செய்தேன். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள், புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வசதி, அங்கே தண்ணீர் வசதி என்று. என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. சல்லடையைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"கலா, அந்தச் சின்ன வயரு எதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் கை நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைய மன்னிச்சுருங்க்கா. என்ற வீட்டுக்காரரு இந்த வருசம் நீ கீழ வரலைன்னா வரவே வேண்டாம்னுட்டாரு. மாமியா வேற பொண்ணு பாக்கறேன்னு நேராவே சொல்லுது. கொழந்தையும் இல்ல. இன்னொரு வருசம்னா எனக்கு அங்க ஒண்ணுமே மிச்சமிருக்காதுங்க்கா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

குடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருந்தால் இப்படி ஒரு குப்பையைச் சுமந்துகொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

"நான் கேட்டது அது இல்ல. வயரு யாரு சொன்னது?"

அவள் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "அண்ணன்கிட்டத்தானுங்க்கா அழுதேன். நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க, எனக்காகப் பேசுங்கண்ணான்னுதான் போன் பண்ணுனேன். அண்ணன்தான், அவகிட்டப் பேசறதெல்லாம் ஆகாத காரியம், நான் ஒரு வழி சொல்றேன்னாரு."

"எந்த அண்ணன்?"

தெரிந்துகொண்டேதான் கேட்டேன். வேறு பெயர் வராதா என்று இருந்தது.

"நம்ம சென்னியப்பண்ணன்."

என் கழுத்தில் தாலி கட்டியவர். கலாவுக்கு அவர் அண்ணன். அவள் அவருக்கு ராக்கி கட்டுகிற வழக்கமெல்லாம் இல்லை, ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். சல்லடையைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

விடிந்ததும் கீழே இறங்கினேன். வண்டி ஒருமுறைகூட இருமவில்லை.

அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், என் பீரோவில் சாய்ந்தபடி. நங்கையா பையன்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். யாழினி டியூசனுக்குப் போயிருந்தாள். நின்ற வாக்கில் கேட்டேன்.

"கலாவுக்கு நீங்கதான் சொன்னீங்களா?"

மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருப்பேன், அந்த அளவுக்கு முட்டாளாகத்தான் போனேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் பிள்ளை வாழ்க்கை போயிருமாட்ட இருந்துச்சு. உனக்கு ஒரு வருசந்தானே."

"யாழினிக்கு?"

"யாழினிக்கு என்ன குறை? நல்லாத்தானே இருக்குது. அக்கா பாத்துக்குது. நீ திடீர்னு வந்து நின்னா அக்கா பசங்களைக் கூட்டிட்டு எங்க போகும்? அதுக்கு வேற நாதி இருக்குதா? இத்தனை வருசமா எல்லாம் ஒரு மாதிரி ஓடிட்டிருக்குது, பூங்கோதை. நீ வந்தா…" நிறுத்திக்கொண்டார். அடுப்படியில் தோசைக் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

"நான் வந்தா?"

மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். எனக்கு ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்:

"வண்டிக்குக் கெடுதல் ஆகக்கூடாதுன்னு பாத்துத்தான் சொன்னேன். மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, அந்த வயரைக் கழட்டுனா."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெரு திரும்பிப் பார்த்தது. பத்து வருசம் நான் பேசாததை எல்லாம் பேசினேன். நங்கையா வெளியே வரவே இல்லை. என் சம்பளத்தில் வாங்கிய பீரோவின் கதவைத் திறந்து, என் புடவைகளை எடுத்துக் காரில் போட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, யாழினி ஒரு வாரம் என்கூட இருந்துவிட்டு வரட்டும் என்றேன். சண்டை அதோடு முடிந்தால் சரி என்று அவர் உடனே தலையாட்டினார். டியூசன் வாசலிலேயே அவளை ஏற்றிக்கொண்டேன். அவளிடமும் ஒரு வாரம் என்றுதான் சொன்னேன். நங்கையா அவளுடைய துணியை நான் கிளம்பும்போதே மடித்துக் கொடுத்திருந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜூன் 29, திங்கள்

யாழினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு எச்.எம்.மிடம் ஆறாம் வகுப்பில் சேர்ப்பது பற்றிக் கேட்டேன். கீழே டி.சி. வாங்கி வந்தால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வெளியே வந்தால் கதவை ஒட்டி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஒரு வாரம்னுதானம்மா சொன்னே?"

"ஆமா கண்ணு…"

"நான் யாருகிட்டயும் சொல்லிட்டு வரலியே. கீர்த்தனாவோட சயின்ஸ் நோட்டு எங்கிட்ட இருக்குது. அவ தேடுவா." கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாகிட்டயும் பொய் சொன்னே. எங்கிட்டயும் பொய் சொன்னே."

அப்பா என்ன செய்தார் தெரியுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கலா ஆன்ட்டி என்ன செய்தாள் தெரியுமா என்றும் வந்தது. பதினோரு வயசுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. நேற்று முன்தினம் தரையில் உட்கார்ந்த கலாவை நான் எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வையில்தான் என் மகள் என்னைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் சாப்பிடும்போது அவளாகவே பேசினாள். சனிக்கிழமை இரண்டு பேரும் கீழே போக வேண்டுமாம். அப்பாவுக்கு முன்னால் நின்று அவள் வாயால் சொல்ல வேண்டுமாம், மேலே இருக்கிறேன் என்றோ, கீழேயே இருக்கிறேன் என்றோ. அதுவரைக்கும் நான் எதுவும் கேட்கக் கூடாது என்றாள்.

நான் கேட்கவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.